குழித்த கை

பத்து மணிக்கு இன்னும் மூன்று நிமிடம் இருக்கிறது. செல்போனை பிளாஸ்டிக் நாற்காலியில் தண்ணீர்ச் செம்போடு சாய்த்து வைத்தாயிற்று, வழுக்காமல் இருக்க அடியில் துண்டு போட்டாயிற்று, மகள் கோமு பாயில் இரண்டு தலையணைமேல் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்துவிட்டாள், நெபுலைசரில் உப்புத்தண்ணீர் மருந்தை இழுத்து முடித்த ஈரம் அவள் மேலுதட்டில் இன்னும் இருக்கிறது, துடைத்துவிடலாமா என்று நினைத்து நினைப்போடு விட்டுவிடுகிறேன். சனிக்கிழமை, வேன் ஓடாத நாள். மற்ற நாளென்றால் இந்நேரம் இருபத்திரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டு, சீட்டுக்கு அடியில் யாரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லையே என்று குனிந்து பார்த்து, போதாமல் மறுபடியும் குனிந்து பார்த்து, வண்டியை நிழலில் போட்டிருப்பேன். எண்ணுவது தொழிலோடு வந்த பழக்கம். ஏறும்போது எண்ணுவேன், இறங்கும்போது எண்ணுவேன், ஓட்டும்போது கண்ணாடியில் தலைகளை எண்ணுவேன். இப்போதும் என்னை அறியாமல் கோமுவின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன், பதினேழு, பதினெட்டு, எண்ணாதே ஆவுடை என்று எனக்கே சொல்லிக்கொண்டு சுவரைப் பார்க்கிறேன், சுவரில் அந்தத் தாள். பிசியோதெரபிஸ்ட் தில்ஷாத் மேடம் வாட்ஸப்பில் அனுப்பி நான் பிரிண்ட் எடுத்து ஒட்டியது, மாதத்துக்கு ஒரு தாள், நாளுக்கு இரண்டு கட்டம், காலை ஒன்று, மாலை ஒன்று, முதுகில் தட்டி முடித்ததும் ஒரு டிக். இந்த வாரம் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கிறது. திங்கள் முதல் வியாழன் வரைக்குமான எட்டு டிக் மட்டும் மற்றவற்றைவிட அழகாக விழுந்திருக்கின்றன, அவசரமில்லாமல், ஒரே சாய்வில், எட்டையும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து போட்டதால். எட்டும் பொய். எனக்குத் தெரியும், பாயில் படுத்திருக்கிற ஒன்பது வயதுக்காரிக்குத் தெரியும், மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் என் பெண்டாட்டி முப்பிடாதி வருவாள். திருநெல்வேலியில் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் சமையல் வேலை, வாரம் ஒருநாள்தான் வீடு, என் ஒருத்தன் சம்பளத்தில் வாடகையும் மருந்தும் ஓடாது என்பதால் போனவள். செருப்பைக் கழற்றுவாள், பிள்ளையின் கழுத்தில் கையை வைத்துப் பார்ப்பாள், பிறகு அந்தத் தாளுக்கு முன்னால் போய் நிற்பாள். மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே வருவாள், அவ்வளவுதான்.

மணி அடிக்கிறது. தில்ஷாத் மேடத்தின் முகம் முதலில் கட்டம் கட்டமாகச் சிதறி வந்து பிறகு ஒன்று சேர்கிறது. "கோமு குட்டி, குட் மார்னிங். கோமு அப்பா, வணக்கம், சத்தம் கேக்குதா?" கேக்குது மேடம் என்கிறேன். மேடம் மதுரையில் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருக்கிறார், பின்னால் பச்சைத் திரை, எங்களுக்கு முன்னால் ஒரு பிள்ளை முடிந்திருக்கும், எங்களுக்குப் பின்னால் இரண்டு பிள்ளை காத்திருக்கும், ஒன்று கொடைக்கானல் பக்கம், ஒன்று எங்கோ ராமநாதபுரம் பக்கம் என்று ஒருமுறை சொன்னார். இரண்டு வருடமாக சனிக்கிழமைதோறும் இந்த முகத்தைப் பார்க்கிறேன், நேரில் பார்த்தது, கோமு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, மூன்றே மூன்று நாள். "தட்ட ஆரம்பிங்க கோமு அப்பா, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்." வலது கையைக் குழிக்கிறேன். விரல்கள் ஒட்டி, கட்டைவிரல் சேர்ந்து, நடுவில் காற்றுக்கு இடம் விட்டு. அந்த மூன்று நாளில் மேடம்தான் என் கையைப் பிடித்து மடக்கிக் காட்டினார், தண்ணி அள்ளுற மாதிரி, ஆனா தண்ணி ஒழுகாத மாதிரி, என்றார். விலா எலும்புக்கு மேலே, முதுகுத்தண்டில் படாமல், இடுப்புக்குக் கீழே போகாமல். டப், டப், டப், டப். கோமுவின் சட்டைக்கு அடியில் அவள் முதுகு அதிர்வது என் உள்ளங்கைக்குத் தெரிகிறது. ஒன்றரை வயதில் அம்மை போட்டு, அது இறங்கும்போது நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் பத்து நாள், பிழைத்ததே பெரிது என்றார்கள், பிழைத்தாள், ஆனால் அதற்குப் பிறகு இருமல் போகவே இல்லை. மாதம் ஒரு சிரப்பு, பிறகு வேறு சிரப்பு, ஐஸ் கொடுக்காதீங்க, வாழைப்பழம் கொடுக்காதீங்க, ஏழு வயதுவரை அப்படியே ஓடியது. கடைசியில் மதுரையில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் ஒரு காகிதத்தில் மரம்போலக் கோடு போட்டார், மூச்சுக்குழாய், கிளை, கிளையின் கிளை. இந்தக் கிளைகள் உங்க பிள்ளைக்கு விரிஞ்சு தளர்ந்து போச்சு, சளி தானா மேல ஏறாது, தேங்கும், தேங்கினா கிருமி சேரும், சேர்ந்தா இன்னும் விரியும். விரிஞ்சது சுருங்குமா சார் என்று கேட்டேன். பென்சிலை வைத்துவிட்டு, இருக்கிறதைக் காப்பாத்தலாம் என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது பஸ் ராஜபாளையம் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. தேங்குவதைத் தட்டித் தட்டி மேலே கொண்டுவர வேண்டும், காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம், எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை, முப்பிடாதி கேட்டாள், தினமும் பல் தேய்க்கிறோம்ல, அப்படி நெனச்சுக்கோங்க என்றார் மேடம்.

டப், டப், டப். பல் தேய்த்தால் இந்தச் சத்தம் வராது. போன மாதம்தான் இந்த வளவுக்குக் குடிவந்தோம், ஒரே முற்றத்தைச் சுற்றி மூன்று வீடு, பக்கத்து வீட்டில் பேச்சித்தாய் என்று ஒரு பெண், பீடி சுற்றுகிறவள், என் வயதுதான் இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை, முப்பிடாதி கடைக்குப் போயிருந்த நேரம், நான் தட்டிக்கொண்டிருக்கிறேன், கோமு இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறாள், கதவை யாரோ படபடவென்று அடித்தார்கள். திறந்தால் பேச்சித்தாய், கையில் இலை வெட்டுகிற கத்தரியோடு. "பச்சப்பிள்ளய இப்படியாய்யா போட்டு அடிப்ப? நானும் வந்த நாள்லருந்து கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். காலைல அடி, சாயந்தரம் அடி. நீயெல்லாம் மனுசனா?" நான் சொன்னேன், அடிக்கல, சளிக்கு வைத்தியம், டாக்டர் சொன்னது. கோமுவும் உள்ளேயிருந்து, அப்பா அடிக்கல என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், அதுதான் வினையாகப் போயிற்று. பேச்சித்தாய் என்னைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், ஓ என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஓ நம்பியவளுடைய ஓ இல்லை. அன்றைக்குப் பிறகு எனக்கு என் காது போய் அவள் காது வந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கிற காது. டப், டப், டப், ஒரு ஆண் ஒரு பிள்ளையை அடித்துக்கொண்டிருக்கிறான். எத்தனை அடி, ஒரு பக்கத்துக்கு ஐந்து நிமிடம், நிமிடத்துக்கு நூற்றைம்பதுக்குக் குறையாது, இரண்டு பக்கம், இரண்டு வேளை, மூன்றாயிரம். ஒரு நாளைக்கு மூன்றாயிரம் அடி. இரண்டு வருடத்துக்குக் கணக்குப் போடப் போனேன், வண்டி ஓட்டும்போதே போட்டேன், பஸ் ஸ்டாண்ட் வளைவில் ஒரு சைக்கிள்காரன் மேல் ஏற்றப் பார்த்தேன், நிறுத்திக்கொண்டேன். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கோமு தலையணையில் படுத்தாள், நான் கையைக் குழித்துத் தூக்கினேன், அவள் தோள் வெடுக்கென்று சுருங்கியது. கொசு கடித்திருக்கலாம். தூக்கத்தில் உதறியிருக்கலாம். இரண்டு வருடத்தில் ஒருநாளும் சுருங்காத தோள். என் கை அங்கேயே நின்றுவிட்டது. அந்தரத்தில் நிற்கிற என் கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தேன், கருத்து, தடித்து, ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பேறி, ஓங்கியிருந்தது. ஓங்கிய கை எல்லாமே ஒன்றுபோலத்தான் இருக்கும். இறக்கிக்கொண்டேன். "இன்னைக்கு வேண்டாம்ட்டி, எந்திரி" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "தட்ட வேண்டாமா? நெசமாவா?" என்றாள். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

"கோமு அப்பா, கை கொஞ்சம் மெதுவாகுது பாருங்க" என்கிறார் மேடம். ஆமா மேடம் என்று வேகத்தைக் கூட்டுகிறேன். அந்த முகம். லீவு விட்டுவிட்டார்கள் என்று வேனில் சொன்னால் இருபத்திரண்டு முகமும் ஒன்றாக மாறுமே, அந்த மாதிரி ஒரு முகம் என் வீட்டிலும் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. அன்றைக்கு மாலையும் தட்டவில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டு வண்டியைக் குளத்துக்கரைக்கு ஓட்டினேன், வெறும் வேன், இருபத்திரண்டு காலி சீட்டு, முன் சீட்டில் கோமு மட்டும். கரையில் நிறுத்திக் கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தோம். நீர்க்காகம் முங்கி முங்கி எழுந்ததை அவள் எண்ணினாள், எண்ணுவது அவளுக்கும் தொற்றியிருக்கிறது. எவ்வளவு நேரம் முங்குது பாரு, அதுக்கெல்லாம் நெஞ்சுல சளியே இருக்காதாப்பா என்றாள். இருக்காது என்றேன். செவ்வாய்க்கிழமை அதே குளம், சுண்டல் வாங்கிக்கொண்டு போனோம். இரண்டு நாளாக அவள் இருமல் குறைந்ததுபோலத் தெரிந்தது. அதுதான் என்னை ஏமாற்றியது, அல்லது அதை வைத்து என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். தட்டினால்தானே இருமல் வருகிறது, தட்டாவிட்டால் பிள்ளை நிம்மதியாக இருக்கிறாளே, இத்தனை நாளும் நாம்தான் கிளப்பிவிட்டுக்கொண்டிருந்தோமோ என்று புதன்கிழமை காலை ஒரு யோசனை வந்தது, அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது, நாள் முழுக்க அதையே பிடித்துக்கொண்டு ஓட்டினேன். தேங்குகிறது என்று டாக்டர் சொன்னது மறக்கவில்லை. மறக்காமல், அதைத் தூரத்தில் நிறுத்திவைத்திருந்தேன், ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்கிற சுவர் மாதிரி. வியாழக்கிழமை மாலை வேனில், தெற்குத் தெருப் பையன்கள் எல்லாம் இறங்கிய பிறகு, கோமு இருமினாள். சத்தம் மாறியிருந்தது. மேலேயிருந்து வருகிற வறட்டு இருமல் இல்லை, ஈரத் துணியைக் கல்லில் போட்ட மாதிரி ஒரு சத்தம். நான் கண்ணாடியில் பார்த்தேன், அவளும் கண்ணாடியில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்து எட்டு டிக் போட்டேன். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மறுபடி தட்ட ஆரம்பித்தேன். தோள் சுருங்கவில்லை. கொசுதான் போலிருக்கிறது.

"போதும், இந்தப் பக்கம் போதும். எந்திரிச்சு உக்காரு குட்டி. தாளைக் காட்டுங்க கோமு அப்பா, இந்த வாரம் எப்படி போச்சு?" என்கிறார் மேடம். எழுந்துபோய்ச் சுவரிலிருந்து தாளைப் பிரித்து செல்போனுக்கு முன்னால் பிடிக்கிறேன். என் விரல் நடுங்கவில்லை, அதைக் கவனிக்கிறேன், நடுங்கினால் நன்றாயிருக்கும் என்று தோன்றுகிறது. "சூப்பர். ஒரு நாள்கூட விடலையே. கோமு, நீ சொல்லு, அப்பா ரெண்டு வேளையும் தட்டினாங்களா?" கேள்வி என்னிடம் வந்திருந்தால் ஆமா மேடம் என்று சொல்லியிருப்பேன், அதற்குத்தான் தொண்டையைத் தயாராக வைத்திருந்தேன். கோமு செல்போனைப் பார்த்துச் சிரிக்கிறாள். "ஆமா மிஸ். டெய்லி தட்டினாங்க. செவ்வாக்கிழமை ரொம்ப நேரம் தட்டினாங்க. எனக்குத் தூக்கமே வந்துருச்சு." எங்கே கற்றாள் இதை. ஆமா என்று மட்டும் சொல்லியிருந்தால் அது பிள்ளை சொல்கிற பொய். செவ்வாய்க்கிழமையைச் சேர்த்தாள், தூக்கத்தைச் சேர்த்தாள், எந்த இடத்தில் ஒரு சில்லறை உண்மையைப் போட்டால் மொத்தமும் உண்மையாகத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை சுண்டல் தின்றுவிட்டு வேனில் தூங்கியது நிஜம்தான். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு வார்த்தை பேசிவைத்துக்கொள்ளவில்லை நாங்கள். வியாழக்கிழமை நான் டிக் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள், நிமிரவே இல்லை என்றுதான் நினைத்தேன்.

மேடம் எழுதிக்கொள்கிறார். எழுதும்போது உதட்டைக் கடிப்பார். "சரி குட்டி, இப்ப ஹா சொல்லு. கண்ணாடியில ஆவி விடுற மாதிரி." கோமு வாயை அகலத் திறந்து ஹா என்கிறாள், ஹா, ஹா, மூன்றாவது ஹா பாதியில் உடைந்து இருமலாகிறது, குனிந்து குனிந்து இருமுகிறாள், நான் வெள்ளைக் கிண்ணத்தை நீட்டுகிறேன், துப்புகிறாள். வழக்கமாக வெள்ளை, மழை நாளில் லேசாக மஞ்சள். இது பச்சை. நேற்றே பச்சைதான். "கிண்ணத்தைக் காட்டுங்க. வெளிச்சத்துல. இன்னும் கிட்ட." காட்டுகிறேன். "விரல்ல மாட்டுற மெஷினைப் போடுங்க." போடுகிறேன். தொண்ணூற்றைந்து என்று வந்து தொண்ணூற்று மூன்றாகி அங்கேயே நிற்கிறது. போன வாரம் தொண்ணூற்றேழு. "சட்டையைக் கழட்டிட்டு சும்மா உக்காரு குட்டி, பேசாத, அசையாத." மேடம் கைக்கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறார். மூச்சை எண்ணுகிறார். நானும் எண்ணுகிறேன். விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே போய் உள்ளே போய் வருகிறது, கழுத்துக்குழி ஒரு சின்ன வாய்மாதிரித் திறந்து மூடுகிறது. ஒரு நிமிடம் என்பது சிக்னலில் நிற்கிற நேரம்கூட இல்லை. இருபத்தொன்பது, முப்பது, விரிஞ்சது சுருங்குமா சார், முப்பத்தொன்று, நான்கு நாளில் எவ்வளவு விரியும், ஒரு கிளையா, அரைக் கிளையா, அந்த நான்கு நாள் அவள் எந்த வயதிலிருந்து குறையும், முப்பத்திரண்டு. முகம் திரையில் அப்படியே நிற்கிறது, எண்ணுகிறாரா, நெட்வொர்க் நின்றுவிட்டதா தெரியவில்லை. கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். கண்டுபிடித்துவிட்டால் நான் சொல்ல வேண்டியதில்லை என்று அடுத்த நினைப்பு வருகிறது, அந்த நினைப்பைப் பார்த்து எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

"முப்பத்திரண்டு" என்கிறார் மேடம். கண்டுபிடிக்கவில்லை. "கோமு அப்பா, கவனமா கேளுங்க. விட்டுப்போயிருந்தா நான் வேற மாதிரி யோசிப்பேன். நீங்க ரெண்டு வேளையும் ஒழுங்கா தட்டியும் சளி பச்சையாகி மூச்சும் கூடுதுன்னா, இப்ப சாப்பிடுற மாத்திரை கேக்கலைன்னு அர்த்தம். டாக்டர்கிட்ட இன்னைக்கே சொல்றேன். அட்மிட் பண்ணத்தான் சொல்வாங்க. போன தடவை மாதிரி பதினாலு நாள் ஊசி மருந்து." போன தடவை. நரம்பு கிடைக்காமல் இடது கை, வலது கை, கடைசியில் பாதம். நர்ஸ் பாவம், வியர்த்துவிட்டாள். கோமு முதல் இரண்டு தடவை கத்தினாள், மூன்றாவது தடவையிலிருந்து கத்தவில்லை, தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள், கத்தினதையாவது தாங்கலாம். இப்போது அவளைப் பார்க்கிறேன். சட்டையில்லாமல், முதுகு நேராக, அசையாத என்று சொன்னதால் இன்னும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். பதினாலு நாள் என்றதும் இடது பாதத்தை வலது பாதத்தின் அடியில் கொண்டுபோய் மறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மேடத்துக்குத் தெரிந்துவிடும் என்று பார்க்காமல் இருக்கிறாள். நான் இதை மெதுவாகத்தான் புரிந்துகொள்கிறேன், பெரிய சுமையைப் படி படியாகத் தூக்குகிறமாதிரி. ஊசிக்குப் போகத் தயாராக இருக்கிறாள். என் எட்டு டிக்குக்காகப் பதினாலு நாள் படுத்துவிட்டு வரத் தயாராக இருக்கிறாள், அதையும் வாய் திறக்காமல்.

"மேடம், தட்டல" என்கிறேன். "திங்கள்லருந்து வியாழன் வரைக்கும் ஒரு வேளகூட தட்டல. தாள்ல போட்டதெல்லாம் பொய்." சொல்லி முடித்துவிட்டேன். மேடம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. உதடு லேசாகத் திறந்தபடி, கண் ஒரு பக்கம் பார்த்தபடி. ஓர் ஓரத்தில் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நின்றுவிட்டது. எப்போது நின்றது, எதைக் கேட்டார், எதைக் கேட்கவில்லை. கோமு இப்போது என்னைப் பார்க்கிறாள். கண் இரண்டும் பெரிசாகி. வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, முகம் குலைந்து மறுபடி கூடுகிறது. "ஹலோ, கோமு அப்பா, கட்டாயிருச்சு. என்னமோ சொன்னீங்க, கேக்கல. திரும்பச் சொல்லுங்க." ஒன்றுமில்லை மேடம் என்று சொல்லலாம். என்றைக்கு வரணும் மேடம் என்று கேட்கலாம். ஒருதரம் சொன்னேனே, கேட்காதது என் குற்றமா என்று பிற்பாடு எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், அதற்கான வாசகம்கூட மனதில் வந்துவிட்டது. கோமு தலையை ஆட்டுகிறாள், வேண்டாம் என்று, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. அவள் ஆட்டியதால்தான் இரண்டாவது முறை சொல்ல முடிந்தது. முதல் தடவையைவிடச் சத்தமாகச் சொன்னேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "நாலு நாள் தட்டல மேடம். பிள்ள சொன்னது எனக்காகச் சொன்னது."

மேடம் பேனாவைக் கீழே வைக்கிறார். "நாலு நாளும் ரெண்டு வேளையுமா?" ஆமா. "நெபுலைசர்?" அது போட்டேன் மேடம். "காய்ச்சல் இருந்துச்சா? சளில ரத்தம் ஏதும்?" இல்லை. வரிசையாகக் கேட்கிறார், நான் வரிசையாகச் சொல்கிறேன், திட்டுவார் திட்டுவார் என்று ஒவ்வொரு கேள்விக்கும் காத்திருக்கிறேன். "ஏன்?" என்று கடைசியில் கேட்கிறார். பேச்சித்தாயைச் சொல்கிறேன், தோளைச் சொல்கிறேன், அடிக்கிற மாதிரியே கேக்குது மேடம், எனக்கே அப்படித்தான் கேக்குது என்கிறேன், இதைச் சொல்லும்போதுதான் குரல் கெட்டுப்போகிறது, அதுவரை நன்றாகத்தான் இருந்தது. மேடம் திரைக்குக் கிட்ட வருகிறார். "கோமு அப்பா, இந்தப் படத்துல எனக்கு பாதி ஒண்ணும் தெரியாது. உங்க கை ஒரு கருப்பு மாதிரி மேலயும் கீழயும் போகும், அவ்வளவுதான். நான் பாக்கல, கேக்குறேன். குழிச்ச கைக்கு ஒரு சத்தம், விரிச்ச கைக்கு ஒரு சத்தம். ரெண்டு வருஷமா வாரா வாரம் கேக்குறேன். ஒருநாள், ஒரே ஒருநாள் விரிஞ்ச கைச் சத்தம் கேட்டிருந்தாலும் அன்னைக்கே உங்களை நிறுத்தியிருப்பேன். நான் இங்க எதுக்கு உக்காந்திருக்கேன்?" இது ஆறுதலுக்குச் சொன்னமாதிரி இல்லை, ஆறுதலுக்கு இவ்வளவு சலிப்பான குரல் வராது. "அது சரி. ஆனா நாலு நாள் நாலு நாள்தான். தேங்கினது தேங்கினதுதான். நீங்க சொன்னதை அப்படியே டாக்டர்கிட்ட சொல்றேன், மாத்திரையை மாத்துவாங்க. இன்னைக்கும் நாளைக்கும் மூணு வேளை தட்டணும். திங்கட்கிழமை காலைல நானே கூப்பிடுறேன். குறையலைன்னா கிளம்பி வரணும். இடையில காய்ச்சல் வந்தாலோ, மெஷின்ல தொண்ணூத்திரண்டுக்குக் கீழ போனாலோ எனக்காகக் காத்திருக்காதீங்க, பக்கத்துல உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க. அவங்க அம்மாவுக்குத் தெரியுமா?" தெரியாது மேடம். "நீங்க சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்." பிறகு குரலை மாற்றி, "கோமு" என்றார். கோமு நிமிர்ந்தாள். "நீ எங்கிட்ட இனிமே எதைப் பத்தி வேணும்னாலும் பொய் சொல்லு. சளியப் பத்தி மட்டும் சொல்லாத. நான் ஏமாந்துருவேன்." கோமு தலையை ஆட்டினாள். அடுத்த பிள்ளை காத்திருக்கிறது என்று மேடம் கையசைத்தார், திரை கருத்தது, கருத்த திரையில் என் முகமும் கூரை ஃபேனும் தெரிந்தன.

சட்டையை எடுத்துக் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்ளவில்லை. "ஏன் சொன்ன?" என்கிறாள். கோபம். இவ்வளவு கோபத்தை இந்த முகத்தில் நான் பார்த்ததில்லை. "சொல்லாட்டா பதினாலு நாள் ஊசிட்டி." "போட்டுக்கிடுவேன்ல. போன தடவ போட்டுக்கிடலயா? அம்மா உன்ன வைவா. வைஞ்சிட்டு வேலைக்குப் போகாம வீட்ல உக்காந்துக்கிடுவா. அப்புறம் நீ ஒருத்தரும் இல்லாதப்ப அழுவ." நான் எப்போது அழுதேன் என்று கேட்கவில்லை. எங்கோ எப்போதோ பார்த்திருக்கிறாள், எண்ணி வைத்திருக்கிறாள். பதில் தேடுகிறேன், அப்பா அழமாட்டேன் என்பது வருகிறது, அதைத் தள்ளிவிடுகிறேன், இன்றைக்கு இனி ஒரு பொய் எனக்குத் தாங்காது. "வைவா. வாங்கிக்கிடுவேன்" என்கிறேன். "அதை நான் பாத்துக்கிடுதேன். நீ பாக்காண்டாம்." அவள் யோசிக்கிறாள். மூச்சு உள்ளே போய் வருகிறது, நான் எண்ணவில்லை. "அப்ப ஊசி உண்டா இல்லயா?" "தெரியாதும்மா." தெரியாது என்று அவளிடம் நான் இதற்கு முன் சொன்னதே இல்லை, சரியாகிவிடும், ஒன்றுமில்லை, கொஞ்ச நாள்தான், இந்த மூன்றை வைத்தே இரண்டு வருடத்தை ஓட்டியிருக்கிறேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, ஏதோ ஒன்றை வாங்கி எடை பார்ப்பதுபோல அந்த வார்த்தையைக் கொஞ்சநேரம் வைத்திருந்தாள். "திங்கட்கிழமை தெரியுமா?" "தெரியும்." "சரி" என்று பாயில் ஏறினாள். தலையணை இரண்டையும் தானே இழுத்துப் போட்டாள். இந்தமுறை வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, முதுகை எனக்குக் காட்டி, "இந்தப் பக்கம் இன்னும் தட்டவே இல்ல" என்றாள். கையைக் குழித்தேன். முதல் நிமிடம் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது நிமிடத்தில் உள்ளே எங்கேயோ ஆழத்தில் ஏதோ இளகுவது என் உள்ளங்கையில் தெரிந்தது, எழுந்து உட்கார்ந்து இருமினாள், கண்ணில் தண்ணீர் வழிய, கதவும் ஜன்னலும் திறந்துதான் கிடந்தன, இருமி முடியட்டும் என்று கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.